பென் டிரைவுக்கு ஒட்டுச் சான்றிதழ்

“பவர் பட்டனை அமுக்கின ஒடனே எஃப் பன்னெண்டைத் தட்டிக்கிட்டே இருங்க. கம்பெனி படம் வந்துட்டா போச்சு, திரும்ப மொதல்ல இருந்துதான். என்ன, கேக்கியளா?”

“கேட்டுட்டுத்தான் இருக்கறேன். இத்துனூண்டு குச்சிக்குள்ள அப்படி என்னத்த வெச்சிருக்கறே?”

“ஒரு லேப்டாப்பு கண்ணு முழிக்கதுக்கு என்னெல்லாம் வேணுமோ அம்புட்டும் வச்சிருக்கேன். உங்க லேப்டாப்புக்குக் கைகாலு நல்லாத்தான் இருக்கு, மூளைதான் போயிட்டு. இதைச் சொருகுனா இரவல் மூளையில ஓடும்.”

“இரவல் மூளையில ஓடறதுக்கு எங்காபீசுல ஒருத்தரும் தப்பு சொல்ல மாட்டாங்க.”

பீர்மேட்டு பஸ் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபடி, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மாரீஸ்வரி சிரித்தாள். ஆறாம் மாதம். சிரித்தால் பிடித்துக்கொள்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சட்டைப்பையில் பென் டிரைவோடு சேர்த்து வைத்துக்கொண்டுதான் கோகுல்நாத் பஸ் ஏறினான்.

இருவருமே கனி மற்றும் மலைப்பயிர் நல வாரியத்தின் ஊழியர்கள். முதலமடையில் மாமரங்களை எண்ணுவது கோகுல்நாத்தின் வேலை. பீர்மேட்டில் ஏலச்செடிகளை எண்ணியவர்கள் கொண்டுவரும் கணக்கைக் கணினியில் ஏற்றுவது மாரீஸ்வரியின் வேலை. எண்ணியதை வாரியம் என்ன செய்கிறது என்று இருவரும் கேட்டதில்லை. அப்படிக் கேட்கக் கூடாது என்று சொல்லித்தருவதற்காகத் திருச்சூரில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. அந்த வகுப்பில் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்து பழகித்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகும் அவன் கீழே, அவள் மலைமேலே. மாதத்துக்கு ஒருமுறை கோகுல்நாத் பொள்ளாச்சி, திண்டுக்கல், தேனி, குமுளி என்று பாதித் தமிழ்நாட்டைப் பார்த்துக்கொண்டு, கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போய்வருவான். மாரீஸ்வரியால் இறங்கி வர முடியாது. தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவள் அப்பா சுடலைமணி பக்கவாதத்தில் படுத்திருந்தார். அவரைத் தூக்கி உட்காரவைக்கவும் படுக்கவைக்கவும் வீட்டில் அவள் ஒருத்திதான். வயிற்றில் பிள்ளையோடு அதையும் அவளே செய்துகொண்டிருந்தாள். ஆகவே கோகுல்நாத் மேலே போக வேண்டும். பீர்மேட்டுக் கிளையில் ஒரு இடமும் காலியாக இருந்தது.

கேட்டால் கிடைத்துவிடும். கேட்பதற்குத்தான் விதிகள் இருந்தன.

வாரியத்தில் இடமாற்றம் வேண்டுபவர், தம் பெயரில் பதிவான வாரிய மடிக்கணினியிலிருந்து மட்டுமே, வருடத்தில் ஒரே ஒரு மாதம் திறந்திருக்கும் இணையப் பக்கத்தில் கேட்க வேண்டும். வாயால் கேட்கக் கூடாது. கேட்டால் அது மேலதிகாரியின் மனதை இளக்கும் முயற்சியாகக் கருதப்பட்டு, அந்த வருடத்து விண்ணப்பம் தள்ளப்படும். போன வருடம் கோகுல்நாத் முறைப்படி இணையத்தில் கேட்டான். பதிலுக்கு, மாமரங்களை இன்னொரு தரம் எண்ணும்படி உத்தரவு வந்தது. எண்ணினான். இந்த வருடம் பக்கம் திறந்த வாரத்தில், மடிக்கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது முதலமடையில் கரண்ட் போனது. வந்தபோது கணினி எழவில்லை. கறுப்புத் திரையில் இரண்டு வரி வெள்ளை எழுத்து மட்டும் நின்றது.

பென் டிரைவைச் சொருகி ஒரு விசையைத் தட்டினால் முடிகிற காரியம். இணையப் பக்கம் பார்ப்பது கணினியின் உடம்பில் உள்ள எண்ணைத்தான், மூளையை அல்ல என்று மாரீஸ்வரி சொல்லியிருந்தாள். ஆனால் சொருகும் துளைகளை வாரியம் அரக்கு வைத்து மூடியிருந்தது. எப்போதோ யாரோ ஒரு ஊழியர் அந்தத் துளையில் சின்ன மின்விசிறியைச் சொருகிக் காற்று வாங்கியதிலிருந்து அப்படி. அரக்கை உடைத்தால் சஸ்பென்ஷன். அதை உடைக்க அனுமதி கேட்டு கோகுல்நாத் சூப்பிரண்டு ஆனந்தகுமாரின் முன்னால் போய் நின்றான்.

“ஏப்பா, ஒரு லேப்டாப்புன்னா தானா எந்திரிக்கோணும். வெளிய இருந்து ஒருத்தரு வந்து எழுப்பி உட்டாத்தான் எந்திரிக்கும்னா அது லேப்டாப்பா, மாமனார் ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளையா?”

“கெட்டுப் போச்சுங்க சார்.”

“கெட்டுப் போனா பராதி போடு, புகார் எழுது. லேப்டாப்புல பராதிக்குன்னு தனிப் பக்கம் இருக்குதல்லொ.”

“லேப்டாப்பு எந்திரிக்கவே இல்லீங்களே.”

“எந்திரிச்சதுக்கப்புறம் போடு.”

“எந்திரிச்சிருச்சுன்னா பராதி எதுக்குங்க சார்?”

ஆனந்தகுமார் நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார். “அதத்தானப்பா நானும் கேக்கறேன். எதுக்குப் பராதி? என்ற இருபத்தெட்டு வருச சர்வீசுல ஒரு பராதியும் மேல போனதில்லெ. எதனால? நான் அனுப்புனதில்லெ. முதலமடை கிளையப் பாத்து மத்த கிளையெல்லாம் பொறாமைப்படறது அதுக்குத்தான்.”

ஆனாலும் அவர் நல்ல மனிதர். விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அது மாம்பழத்துக்காக எழுதப்பட்ட புத்தகம். மடிக்கணினி பற்றி அதில் ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து வருவது பற்றி ஒரே ஒரு அத்தியாயம் இருந்தது: பிற மாவட்டத்திலிருந்து வரும் கன்று, காய், கனி எதுவானாலும் பழ ஈ இல்லையென்று சான்று பெற்ற பிறகே வாரிய எல்லைக்குள் நுழையலாம்.

“பீர்மேடு எந்த ஜில்லா?”

“இடுக்கிங்க.”

“அப்ப இது வெளி ஜில்லாச் சரக்கு. இன்னாசிராஜ் சாருகிட்டக் கொண்டு போ.”

இன்னாசிராஜ், கோவிந்தாபுரம் போகும் சாலையில் வாரியத்தின் தடுப்புக் கூடாரத்துக்குப் பொறுப்பாளர். பென் டிரைவை வாங்கி மூக்கருகே வைத்து முகர்ந்தார். பிறகு, மாங்கன்றுகளை வைக்கும் வலைக்கூண்டுக்குள் வைத்துப் பூட்டி, பக்கத்தில் ஈப்பொறி ஒன்றைத் தொங்கவிட்டார்.

“சார், அதுல ஈ எப்படிங்க வரும்?”

“இங்க எதுலயும் ஈ வந்ததில்ல தம்பி. நான் இந்தக் கூடாரத்துல உக்காந்த நாள்ல இருந்து ஒரு ஈ நான் பாத்ததில்ல. வராம இருந்தா அது எங்க திறமை. வந்து, நாங்க பாக்காம விட்டிருந்தோம்னா, ரெக்கார்டுல அதுவும் வராததுதான். ரெண்டு வழியிலயும் வாரியத்துக்கு ஜெயம்.”

பொறியில் ஒரு வாரம் ஈ எதுவும் விழவில்லை. கூடாரத்தில் சாதாரண ஈக்கள் நிறைய இருந்தன. அவை மேசைமேல் இருந்த இன்னாசிராஜின் பலகாரப் பொட்டலத்தைச் சுற்றின. அவற்றுக்குச் சான்று தேவைப்படவில்லை.

கூண்டைத் திறந்ததும் இன்னாசிராஜ் ஒட்டுக்கத்தியை எடுத்தார்.

“சார்! என்னுங்க பண்றீங்க?”

“ஒரு லோடுல ஒண்ணை அறுத்துப் பாக்கணும். உள்ள புழு இருக்கான்னு வெளிய இருந்து தெரியுமா? மாங்காய்க்கும் அப்படித்தான்.”

“லோடே இது ஒண்ணுதானுங்களே!”

“அது உங்க கஷ்டம். லோடு எத்தனைன்னு விதியில சொல்லல. ஒண்ணை அறுக்கணும்னு சொல்லியிருக்கு.”

கோகுல்நாத் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். கடைசியில் ஒரு வழி பிறந்தது. லோடில் இரண்டு இருந்தால் ஒன்று தப்பிக்கும். அவன் பைக்கில் கொல்லங்கோட்டுக்கு ஓடி, புதிதாக ஒரு பென் டிரைவ் வாங்கி வந்தான். இன்னாசிராஜ் அதை மரப்பலகைமேல் வைத்து, ஒட்டுக்கத்தி நுழையாததால் கிளை அறுக்கும் ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார். சதை கெட்டி, கொட்டை இல்லை, புழு இல்லை என்று எழுதி முத்திரை குத்தினார்.

அன்று மாலை போனில் இதைச் சொன்னபோது மாரீஸ்வரி வெகுநேரம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“ஏங்க, இன்னும் எத்தனை நாளு பக்கம் திறந்திருக்கும்?”

“இருக்குது, இருக்குது. அப்பா எப்படி இருக்கறாரு?”

“நேத்து தூக்கும்போது எனக்கு லேசா வழுக்கிட்டு. ஒண்ணுமில்ல. பயப்படாதிய.”

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான். சொல்வதற்கு இருந்த ஒரே வாக்கியம் போனில் சொல்வதற்கானதல்ல. ஆபீசில் சொல்வதற்கானது. ஆபீசிலும் சொல்லக் கூடாதது.

அரக்கை உடைக்கலாமா என்று முடிவுசெய்ய மண்டல இயக்குநர் ஆன்மேரி மேடம் கொல்லங்கோட்டில் கூட்டம் கூட்டினார். சான்று பெற்ற பென் டிரைவ் ஒரு வெள்ளித்தட்டில் மேசை நடுவில் இருந்தது. ஆன்மேரி தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். மரம் அல்லாத எதையும் அவர் மரமாகவே புரிந்துகொள்வார்.

“நான் இதை நல்லா ஸ்டடி செய்து. இது சொருகல் இல்லா. இது ஒட்டுக்கட்டல். வேரு நம்ம வாரியத்தோட, தலை பீர்மேட்டோட. நாட்டுமாவில அல்போன்சா ஒட்டுற மாதிரி. சரியல்லே?”

“சரிதானுங்க மேடம்,” என்றார் ஆனந்தகுமார். கூட்டத்தில் அவர் எப்போதும் சொல்வது அது.

“பின்னே ஒரு சோத்தியம் வரும். நாளைக்கு இந்த லேப்டாப் காய்ச்சா, காய் ஆருக்கு? வேர்க்காரனுக்கோ, தலைக்காரனுக்கோ? இந்த சோத்தியத்துக்கு விடை இல்லாம முன்னோட்டு போனால், வாரியம் வருங்காலத் தலைமுறைக்குத் துரோகம் செய்யுது. வருங்காலத் தலைமுறையை நான் அத்தனை சீரியஸா எடுக்கிறேன். அதுகொண்டு நிகழ்காலத் தலைமுறைக்கு என்னைப் பார்க்க நான் சமயம் கொடுக்கிறதே இல்லை.”

எல்லோரும் கைதட்டினார்கள். நிகழ்காலத் தலைமுறையைச் சேர்ந்த கோகுல்நாத் கதவருகே நின்றுகொண்டிருந்தான். உட்கார நாற்காலி இருந்தது. களப்பணியாளர்களுக்கான நாற்காலி அல்ல அது.

“கோகுல், எதுக்கு இத்தனை அவசரம்? லேப்டாப் எழுந்தா என்ன செய்யப் போறே?”

கல்யாணமான மூன்று வருடங்களில் முதன்முறையாக ஒருவர் கேட்டார். கோகுல்நாத் வாயைத் திறந்தான். ஆனந்தகுமாரின் செருப்பு அவன் கால் பெருவிரலை மிதித்தது.

“மரம் எண்ணறதுக்குங்க மேடம்,” என்றார் ஆனந்தகுமார் அவன் சார்பில். வெளியே வந்ததும் காதருகே சொன்னார்: “வாயத் தொறந்து கேட்டுப்போட்டீன்னா இந்த வருசமும் போச்சு, மறந்துட்டியா? உன்ற நல்லதுக்குத்தான் மிதிச்சேன்.”

அது உண்மை. அவர் எடை அதிகமுள்ள நல்ல மனிதர்.

ஒட்டுச் சான்றிதழ் கிடைக்க, ஒட்டு பிடித்ததற்கு அடையாளமாக இரண்டு இலை விட வேண்டும் என்பது நர்சரிப் பிரிவின் நிபந்தனை. பென் டிரைவை ஒரு தொட்டியின் விளிம்பில் பாலிதீன் நாடாவால் கட்டி, நிழல் வலைக்குள் வைத்தார்கள். தினமும் அதற்குத் தண்ணீர் தெளிக்க ஒருவர் நியமிக்கப்பட்டார். கோகுல்நாத் ஆபீஸ் திறக்கும் முன்பே வந்து அதற்கு ஒரு பிளாஸ்டிக் பை மாட்டிவிடுவான். இலை விடவில்லை. மாதம் முடியப்போகிறது. கடைசியில் ஆன்மேரி மேடம் மனிதாபிமானத்தோடு, இலை விட்டதாகக் கருதப்படும் என்று உத்தரவிட்டார். இப்படி ஒரு முடிவு வாரிய வரலாற்றில் முதல்முறை என்பதால் அதற்கு விழா எடுப்பது என்றும் முடிவானது. விழா நாள், இணையப் பக்கம் மூடுகிற அதே நாள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பக்கம் மூடும். விழா மூன்று மணிக்கு.

“போதும் சார், அரை மணி கெடச்சாலே போதுமுங்க,” என்றான் கோகுல்நாத்.

ஆபீஸ் முற்றத்தில் பந்தல் போட்டு, மாவிலைத் தோரணம் கட்டி, மடிக்கணினியைப் பட்டுத்துணி விரித்த மேசைமேல் வைத்து மாலை போட்டிருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்புரை முடிந்து, மேடம் கவாத்துக் கத்தரியால் அரக்கை உடைத்தபோது மணி மூன்றரை தாண்டிவிட்டது. பென் டிரைவ் உள்ளே போனது. கோகுல்நாத் முன்னால் வந்து விசைப்பலகையை நோக்கிக் கையை நீட்டினான்.

“நில்லப்பா, நில்லு!” ஆனந்தகுமார் தடுத்தார். “எஃப் வரிசை பூராவும் ஆபீசருக. களப்பணியாளர் எழுத்து மட்டுந்தான் தட்டலாம். எனக்கே எஃப் ஆறு வரைக்குந்தான் அதிகாரம்.”

எஃப் பன்னிரண்டு மண்டல இயக்குநரின் தகுதிக்குரியது. ஆன்மேரி மேடம் பவர் பொத்தானை அமுக்கிவிட்டு, போட்டோக்காரரைப் பார்த்துப் புன்னகைத்தார். திரும்பி எஃப் பன்னிரண்டின்மேல் விரலை வைத்தபோது கம்பெனி படம் வந்துபோய், கறுப்புத் திரையில் அதே இரண்டு வரி வெள்ளை எழுத்து நின்றது.

“மேடம், பட்டனை அமுக்கின ஒடனே தட்டோணுமுங்க. தட்டிக்கிட்டே இருக்கோணும்.”

“மனசிலாயி, மனசிலாயி.”

இரண்டாம் முறை பொத்தானை அமுக்கிவிட்டு, இந்தச் செயலின் முக்கியத்துவத்தை மைக்கில் விளக்கிய பிறகு தட்டினார். மூன்றாம் முறை, தட்டும் விரலுக்கு இன்னாசிராஜ் சந்தனம் வைத்தார். நான்காம் முறை சரியான நேரத்தில் தட்டினார், எஃப் பதினொன்றை. ஐந்தாம் முறை நாதஸ்வரம் வாசித்தார்கள். அது முடியும்வரை மரியாதைக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். கோகுல்நாத் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. “போட்டாச்சா?” என்று மாரீஸ்வரி அனுப்பியிருந்தாள்.

எத்தனையாவது முறையோ, மேடம் கொட்டாவி விட்டுக்கொண்டே தட்டியபோது திரை வேறு மாதிரி விழித்தது. ஒரு பட்டியல் வந்தது. அதில் பென் டிரைவின் பெயர் இருந்தது. உள்ளே போனதும் நீல நிறத்தில் சுத்தமான புது முகப்பு ஒன்று விரிந்தது. பந்தல் முழுக்கக் கைதட்டல். மணி நாலே முக்கால்.

கோகுல்நாத் மேசைக்கு ஓடி வந்து இணையப் பக்கத்தைத் திறந்தான். பக்கம் அவன் கணினியை அடையாளம் கண்டுகொண்டது. பெயர், ஊழியர் எண், இப்போது வேலை செய்யும் இடம், போக விரும்பும் இடம். எழுத்து விசைகளுக்கு அவனுக்கு அதிகாரம் இருந்தது. பீர்மேடு என்று அடித்தான். காரணம் என்ற கட்டத்துக்கு வந்தான்.

“ஒரு நிமிஷம் தம்பி,” என்றார் இன்னாசிராஜ். “பத்திரிகைக்காரங்க அந்தச் சாமானைப் பாக்கணும்ங்கறாங்க.”

“சார், வேண்டாமுங்க சார்! அத எடுக்காதீங்க! அது உள்ள இருந்தாத்தான்…”

இன்னாசிராஜ் பென் டிரைவை உருவி இரண்டு விரலால் உயரத் தூக்கிக் காட்டினார். கேமராக்கள் மின்னின. மேசைமேல் மடிக்கணினியின் நீல முகம் அப்படியே உறைந்து, பிறகு கறுத்தது.

கோகுல்நாத் கத்தவில்லை. மேடத்திடம் ஓடினான். “மேடம், இன்னொருக்கா, ஒரே ஒருக்கா தட்டுங்க மேடம். டைம் இருக்குதுங்க.”

“அதுதான் எழுந்தல்லோ கோகுல். எல்லாரும் பார்த்து. ரெக்கார்டாயி. ஒருக்கா எழுந்த லேப்டாப்பை ரெண்டாம் தடவை எழுப்புனா முதல் தடவைக்கு என்ன மரியாதை?” அவர் மைக்கைப் பிடித்தார். “பிரியப்பட்டவர்களே, இன்னு இங்கே எழுந்தது ஒரு லேப்டாப் மட்டும் அல்ல. நம்ம வாரியம். நம்மளை யாரோ வந்து எழுப்பணும்னு இத்தனை காலம் படுத்திருந்தோம். இப்போ எழுந்து. எழுந்த சந்தோஷத்தில கொஞ்சம் ஓய்வும் எடுக்கும்.”

இந்தப் பேச்சு முடிந்தபோது மணி ஐந்து பத்து.

பந்தலில் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன. நாற்காலிகள் இழுபட்டன. மாரீஸ்வரி போனில் அழைத்தாள். அவன் எடுக்கவில்லை. எடுத்து என்னவென்று சொல்வது? நாளைக் காலையும் அவள் அப்பாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவாள். நாளை மறுநாளும். ஒரு வருடம் கழித்துப் பக்கம் திறக்கும்போது, பிள்ளைக்கு முகம் பார்த்துச் சிரிக்கும் வயது கடந்திருக்கும்.

“நன்றியுரை களப்பணியாளர் கோகுல்நாத்,” என்று யாரோ அறிவித்தார்கள். பயனாளி நன்றி சொல்வது வாரிய மரபு.

ஆனந்தகுமார் அவன் கையில் ஒரு தாளைத் திணித்தார். “எழுதி வெச்சிருக்கறேன். அப்படியே படிச்சுப் போடு. ஒரு வார்த்தை கூட்டாதே, கொறைக்காதே. அடுத்த வருசம் பாத்துக்கலாம், நானிருக்கறேன்.”

கோகுல்நாத் மேடையேறி மைக் முன்னால் நின்றான். தாளில் மேன்மை தங்கிய என்று ஆரம்பித்திருந்தது. அதைப் படித்தான். மண்டல இயக்குநர் அவர்களே என்பதையும் படித்தான். அதற்கப்புறம் வரி தெரியவில்லை. அவன் தாளைக் கீழே இறக்கினான். முன்வரிசையில் மேடம் கேசரிக் கரண்டியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். இன்னாசிராஜ் பென் டிரைவை மடியில் வைத்திருந்தார். ஆனந்தகுமார் என்ன வரப்போகிறது என்று புரிந்துகொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினார். மேடை உயரம், அவர் கால் எட்டவில்லை.

“மேடம்,” என்றான் கோகுல்நாத். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மைக்கை அருகே இழுத்துக்கொண்டு மறுபடியும் தொடங்கினான். “மேடம், என்னையப் பீர்மேட்டுக்கு மாத்தி உடுங்க. என்ற பொண்டாட்டி அங்க ஒண்டியா இருக்கறாளுங்க.”